பிசியோதெரபிக்குப் போகுமுன் கணவனும் மனைவியும் கலந்து பேச வேண்டியவை



வாழைத்தார் சுமக்கிற தோளும், குனிந்து நாற்று நடுகிற இடுப்பும் ஒரு நாள் வலிக்கத்தான் செய்யும். நம் அந்தநல்லூர், ஜீயபுரம் பக்கத்து ஜனங்கள் முதலில் தைலம் தேய்க்கிறோம். பிறகு மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் டாக்டர் "பிசியோதெரபி எடுங்க" என்று எழுதிக் கொடுக்கிறார். உடனே பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கோ தில்லைநகருக்கோ போய் ஒரு தனியார் நிலையத்தில் உட்காருகிறோம். "பத்து நாள் கரண்ட் வெச்சா சரியாப் போயிடும்" என்பது நம் நம்பிக்கை.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. 52-வது வயதில் எனக்கு வலது தோள் இறுகிப்போனது. கொடியில் துண்டு போட முடியாது, முதுகு சொறிய முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்; எனக்கும் சர்க்கரை உண்டு. மாலை நேரத்தில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனேன். பத்து நாள் கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் வலி கொஞ்சம் குறைந்தது. கை மட்டும் மேலே எழும்பவில்லை. வீட்டில் செய்யச் சொல்லி அவர்கள் முதல் நாளே படம் போட்டுக் கொடுத்த காகிதத்தை டைரிக்குள் மடித்து வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் ஆரோக்கியம் சொல்கிற ஆள் நான்! வீட்டுக்காரி ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "டைரியில இருக்கிற பேப்பர் உங்க கையைத் தூக்குமா?" என்று கேட்டாள். அன்று முதல் தினம் மூன்று வேளை, சுவரில் விரலால் ஏணி ஏறுகிற மாதிரி கையை ஏற்றுவேன். அவள் சுவரில் கரிக்கோடு போட்டு அளவு வைப்பாள். சட்டையைத் தனியாக மாட்டிக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று.

நான் சொல்ல வந்தது இதுதான். பிசியோதெரபி என்பது அவர்கள் நமக்குச் செய்துவிடுகிற வைத்தியம் அல்ல. அவர்கள் சொல்லிக் கொடுத்து நாம் செய்கிற வைத்தியம். சூடும் கரண்டும் வலியைக் கொஞ்சம் தணித்து, பயிற்சி செய்ய வழி பண்ணிக் கொடுக்கும். மீதி வேலை வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டும். ஆகையால் முதல் நாள் தனியாகப் போகாதீர்கள், இருவருமாகப் போங்கள். பயிற்சியை ஒருவர் மறந்தால் மற்றவருக்கு நினைவிருக்கும்.

பணம் கட்டுமுன் ஒன்று யோசியுங்கள். திருச்சி புத்தூரில் இருக்கிற மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் இதே சிகிச்சை இலவசம். திருச்சியில் இதற்கென்று அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இயன்முறை மருத்துவம் என்றாலும் பிசியோதெரபி என்றாலும் ஒன்றுதான். நடக்க முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும். அதற்காகத் தனியாரிடம் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கூலி வேலையை விட்டுவிட்டுக் காலையில் வரிசையில் நிற்க முடியாதவருக்கு மாலையில் திறந்திருக்கும் இடம் வசதிதான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பார்க்கிறவர் பி.பி.டி. படித்தவரா? அது நாலு வருடத்துக்கு மேற்பட்ட படிப்பு. மசாஜ் தெரிந்தவரெல்லாம் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட முடியாது. ஒரு தடவைக்கு எவ்வளவு? உத்தேசமாக எத்தனை தடவை? எதைச் செய்ய முடிந்தால் குணம் என்று கணக்கு? "இருபது தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை" என்றால் அவசரப்பட வேண்டாம். நாலைந்து தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். இதய நோய், சர்க்கரை, எலும்புக்குள் வைத்த தகடு எதையும் மறைக்க வேண்டாம். சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருந்தால் சூட்டு ஒத்தடமே ஆபத்து. சுடுவது தெரியாமல் கொப்புளித்துவிடும்.

தாய்மார்கள் சொல்லத் தயங்குகிற விஷயம் ஒன்று உண்டு. ஷார்ட்வேவ் டயாதெர்மி என்று ஒரு கருவி, உடம்புக்குள் ஆழமாகச் சூடு கொடுப்பது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அது கூடாது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கூடாது. காப்பர்-டி போட்டிருந்தால் இடுப்பிலும் அடிவயிற்றிலும் அதை வைக்கக் கூடாது. அதில் செம்புக் கம்பி இருக்கிறது. காப்பர்-டி 380ஏ பத்து வருடம் வேலை செய்யும். பிள்ளை பிறந்தபோது போட்டுக்கொண்டு பிறகு மறந்தே போன பெண்கள் அநேகம் பேர். மாமியாரோ மைத்துனரோ துணைக்கு வந்திருந்தால், கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். நாள் தள்ளிப்போயிருப்பதை அதைவிட மறைப்பார்கள். ஆகவே ஐயா, மனைவியோடு நீங்கள் போங்கள். அம்மா, வாயால் சொல்லக் கூச்சமானால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பதிலும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்பதிலும் தப்பே இல்லை. இதற்காகக் காப்பர்-டியை எடுத்துவிட வேண்டியதுமில்லை. அந்தக் கருவிக்குப் பதில் வேறு முறைகள் உண்டு.

"குடும்பக் கட்டுப்பாடு பண்ணினதிலிருந்துதான் இடுப்பு வலி" என்று சொல்வது இன்னும் ஓயவில்லை. ஆணுக்குச் செய்கிற வாசெக்டமியால் சுமை தூக்கும் பலம் குறைவதில்லை. குனிந்து தூக்குகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சில வலிகளுக்குப் பிசியோதெரபி முதலில் அல்ல. இடுப்பு வலியோடு இரண்டு காலும் தளர்ந்தாலோ, மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. பிரசவத்துக்குப் பிறகோ ஆபரேஷனுக்குப் பிறகோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

பக்கவாதத்தில் நாள் கடத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். லால்குடி பக்கம் ஒரு குடும்பத்தலைவர், நாற்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் பிழைத்து வீட்டுக்கு வந்தார். "உடம்பு தேறட்டும், அப்புறம் பயிற்சி" என்று இரண்டு மாதம் படுக்க வைத்துவிட்டார்கள். எழுப்பும்போதெல்லாம் உறவுக்காரர்கள் விழுந்த கையைப் பிடித்து இழுத்ததில் தோள் மூட்டு நழுவி, தொட்டாலே அலறுகிற வலி. முதல் மூன்று மாதத்தில்தான் கைகால் வேகமாகத் திரும்பும். அவருக்கு அதில் இரண்டு மாதம் வீணாகிவிட்டது. பிறகு அவர் மனைவி தினம் பயிற்சி கொடுத்து நடக்க வைத்தார், கை திரும்பவில்லை. உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, "எப்படிப் புரட்டுவது, எப்படி உட்கார வைப்பது?" என்று கேட்டுக் கற்றுக்கொண்டு வாருங்கள். விழுந்த கையை இழுக்காதீர்கள். இடுப்பையும் முதுகையும் தாங்கித் தூக்குங்கள்.

தும்மினால், இருமினால் சிறுநீர் கசிகிறதே என்று என்னிடம் ரகசியமாகக் கேட்ட தாய்மார்கள் உண்டு. பிரசவத்தில் இடுப்புத்தளத் தசை தளர்ந்ததால் வருவது அது. காற்றை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி, மூச்சுப் பிடிக்காமல் ஐந்து எண்ணி விடுங்கள். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்.

பயிற்சியில் கொஞ்சம் வலிக்கும். மறுநாளுக்குள் அடங்கினால் பயமில்லை. வீங்கினாலோ இரவில் தூக்கம் கெட்டாலோ நிறுத்திவிட்டு அவரிடமே சொல்லுங்கள்.

"அப்போ எண்ணெய் தேய்க்கிறதை விட்டுடணுமா?" என்று போன கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார்கள். சாதாரணத் தசைவலிக்கு மெல்லத் தேய்த்துக்கொள்ளுங்கள் பாட்டி, தடையில்லை. விழுந்து அடிபட்டால் மட்டும் எக்ஸ்ரே பார்க்காமல் தேய்க்கவும் கூடாது, கட்டவும் கூடாது. புத்தூர் கட்டுக்கு ஆந்திராவரை போகுமுன், நம் திருச்சி புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம்.