போர்வையே!

(தலைப்பு: பழைய வீட்டில் குளிரை வெல்ல உதவுவது நெருப்பா? போர்வையா?)

நடுவர் ஐயா அவர்களே, 'நெருப்பே' என்று கொழுந்துவிட்டு எரிந்து இப்போது கொஞ்சம் ஆறிப்போய் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே!

ஐயா, எதிரணித் தம்பி சென்னையிலிருந்து வந்து குளிரைப் பற்றிப் பேசுகிறார். சென்னையில் மார்கழி மாசம் ஃபேனை அஞ்சிலிருந்து மூணுக்குக் குறைச்சா அதுக்குப் பேரு குளிர்! (சிரிப்பு) நான் உதகமண்டலத்திலிருந்து வந்திருக்கேன். கடல் மட்டத்துக்கு மேலே 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரம். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் வானம் தெளிவாக இருந்தால் சில நாள் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிடும். காலையில் பார்த்தால் புல்லு மேல உப்பு தூவின மாதிரி உறைபனி.

அந்த ஊரில் வெள்ளைக்காரன் காலத்து வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கேன். வெளியே நின்று பார்த்தால் சினிமா எடுக்கலாம். உள்ளே இருந்து பார்த்தால் பல்லு தாளம் போடும். கூரை பன்னிரண்டு அடி உயரம். தரை மரப்பலகை; பலகைக்குப் பலகை இடுக்கு. ஜன்னலைச் சாத்தினாலும் சாத்தாத மாதிரிதான். வாடகை கொடுக்கிறது நாங்க, குடியிருக்கிறது காத்து! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் சொன்னார், "அதற்குத்தானே அறைக்கு அறை கணப்பு அடுப்பு கட்டியிருக்கிறார்கள்" என்று. கட்டியிருக்காங்க, ஐயா. அது என்ன செய்யுது? நெருப்பு எரிய எரிய அறையில் இருக்கிற சூடான காற்று புகைபோக்கி வழியாக மேலே போகிறது. போன காற்றுக்குப் பதில் காற்று வேணுமே, அது எங்கிருந்து வரும்? கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளியே இருக்கிற பனிக்காற்று வரும். நெருப்பே குளிருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது! முன்னால் உட்கார்ந்தவருக்கு முகம் வறுபடும், முதுகு விறைக்கும். இதைப் பார்த்துத்தான் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களிலேயே, சூடு இப்படி வீணாகக் கூடாதென்று இரும்புக் கணப்பு ஒன்றை வடிவமைத்தார். நம்ம பங்களாவில் இன்னும் பழைய கதைதான். விறகுக் காசு நம்முடையது, சூடு ஆகாயத்துக்கு!

சரி, அந்த மலையில் முதலில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் கல் பங்களா கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே தோடர்கள் அங்கே வாழ்ந்தார்கள். தோடர் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி மூங்கிலும் புல்லும் வேய்ந்த குடில். வாசல் சுமார் மூன்றடி உயரம்தான். தவழ்ந்துதான் உள்ளே போகணும். ஜன்னல் கிடையாது. "உள்ளே அடுப்பு இருந்ததே" என்பார்கள். இருந்தது. ஆனால் காற்றைத் தடுத்தது அடுப்பா, வாசலா? வெளியே வந்தால் உடம்பைச் சுற்றிப் 'புத்துக்குளி' என்ற தடித்த வெள்ளைப் போர்வை, அதில் கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை. அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடே கொடுத்தாங்க. தோடர் குனிந்து போனார், குளிர் வெளியே நின்றது. துரைக்குக் குனிய மனசில்லை, பெரிய வாசல் வைத்தார். குளிர் நிமிர்ந்தே உள்ளே வந்தது! (கைதட்டல்)

இலக்கியத்துக்கு வருகிறேன். எதிரணிச் சகோதரி நெடுநல்வாடையை எடுத்து, "அன்றே சட்டியில் நெருப்பு வைத்துக் காய்ந்தார்கள்" என்றார். உண்மைதான். அது மாடமாளிகை, அம்மா! நாம் பேசுவது வாடகை வீடு. நான் கேட்கிறேன், குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து மயிலுக்குப் பேகன் என்ன கொடுத்தான்? அடுப்பு மூட்டினானா? போர்வை கொடுத்தான், ஐயா, போர்வை கொடுத்தான்! (பலத்த கைதட்டல்)

போர்வை என்றால் கட்டிலில் கிடப்பது மட்டும் இல்லை. வீட்டுக்கும் போர்த்தணும். பழைய பேண்ட் காலில் மணலை நிரப்பி, இரண்டு முனையும் தைத்து, கதவடியில் போட்டுப் பாருங்கள். எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட் அது. அவர் இடுப்புக்குத்தான் பத்தலை, கதவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு! (சிரிப்பு) பலகைத் தரையில் சாக்கு விரித்து மேலே ஜமக்காளம். ஜன்னல் இடுக்கில் பசை தடவிக் காகிதம். பகலில் வெயில் உள்ளே வரட்டும்; வெயில் சாயும் முன்னே கனத்த திரையை இழுத்து விடணும்.

போர்வை தானாகச் சூடு தராது. நம்ம உடம்புச் சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. எப்படி? இழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றால். அதனால்தான் ஒரே தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வை நல்லது. நடுவிலும் ஓர் அடுக்குக் காற்று நிற்கும். ஓடுற காத்து எதிரி; நிக்கிற காத்து நண்பன்!

இன்னொரு கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. ஐந்து பேர் ஒரே சின்ன அறையில் சேர்ந்து உட்கார்ந்தால் 500 வாட். மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்! (சிரிப்பு) 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். குடும்பம் எத்தனை மணி நேரம் கூடி உட்கார்ந்தாலும் மீட்டர் ஓடாது.

ஐயா, சிரிச்சது போதும். கடைசியாக ஒன்று சொல்லணும். இதைச் சொல்லத்தான் நான் மலை இறங்கி வந்தேன்.

குளிர் தாங்காமல் படுக்கை அறைக்குள் கரிச்சட்டியை வைத்து, கதவு ஜன்னலை அடைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் பத்திரிகையில் படித்திருக்கிறோம். "புகை இல்லை, நல்லாக் கனிஞ்ச கரிதானே" என்று நினைக்கிறார்கள். அந்தக் கனலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறம் கிடையாது. வாசம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

"ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். திறந்தால் குளிர் வரும். அடைத்தால் எமன் வருவான்! நெருப்புக்குக் காற்று வேணும், குளிருக்குக் காற்று ஆகாது. இந்த இரண்டையும் ஒரே அறையில் குடிவைக்க முடியாது. நெருப்பு அடுப்படியில் இருக்கட்டும். அங்கே வெந்நீர் கொதிக்கட்டும். அந்த வெந்நீர் ரப்பர் பையில் ஏறி, துணி சுற்றி, போர்வைக்குள்ளே வரட்டும். நெருப்புக்கு அவ்வளவுதான் அனுமதி!

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன், ஐயா. கரிச்சட்டி வைக்கிறவர் யார்? பெரும்பாலும் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாதவர். வாசலில் காவல் இருக்கிற பெரியவர், வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பம், தனியாக இருக்கிற பக்கத்து வீட்டுப் பாட்டி. உங்கள் பீரோவில் மடித்து வைத்திருக்கும் கம்பளி ஒன்றை இந்தக் குளிருக்கு அவர்களுக்குக் கொடுங்கள். உயிர் காப்பது நெருப்பு அல்ல, போர்வையே, போர்வையே என்று நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)