தோடியும் சக்கரமும்

போசரித் தொழிற்பேட்டையை அண்டிய சிறு வீடுகளில் குடியிருக்கும் நமக்கு வீணை வைக்க இடமேது? இரவுப் பணி முடித்து உறங்கும் அண்டை வீட்டாரையும் எண்ண வேண்டும். கணினியோடு இணைந்த மிடிப் பலகையும் ஹெட்போனும் இவ்விரு குறைகளையும் தீர்க்கின்றன.

1983-இல் வெளிவந்த மிடி முறையில் பலகை ஒலியை அனுப்புவதில்லை. எக்கட்டை, எவ்வளவு வேகத்துடன் அழுந்திற்று என்பதை 0 முதல் 127 வரையுள்ள எண்களாகவே அனுப்புகிறது. வீணை நாதத்தை எழுப்புவது மென்பொருளே.

ஆயினும் தோடியின் காந்தாரம் கட்டையில் அசையுமோ? கமகம் பேசாதென்பதும் ஒரு காரணமாகவன்றோ 1940-இல் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி விலக்கிற்று! 1971-இல்தான் தடை தளர்ந்தது. இப்பலகையிலோ இடப்புறச் சக்கரத்தை உருட்டினால் சுருதி வளையும். வழக்கமாக மேலும் கீழும் இவ்விரண்டு அரைச்சுரம். காந்தாரத்திலிருந்து அது கீழே சுத்த ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் எட்டும். தோடிக்கு வேண்டிய எல்லையும் அதுவே. நம் பிள்ளைகள் அந்த அசைவை முதலில் வாயாற் பாடட்டும். பின்னர்ச் சக்கரத்தைத் தொடட்டும்.