அறுவை அரங்குக்கு வெளியே

   

இதயக் குறையோடு பிறந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்கிறோம். ஒரு குழந்தை பிழைப்பதும் இன்னொன்று பிழைக்காமல் போவதும் எதனால்? முன்வரிசையில் இருக்கும் அறுவை நிபுணர் நண்பர்களுக்கு என் பதில் தெரியும். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு இதே சண்டைதான். அறுக்கிற கை நன்றாக இருந்தால் குழந்தை பிழைக்கும் என்பது அவர்கள் கட்சி. நான் மயக்க மருத்துவன், தலைமாட்டில் நிற்பவன். குழந்தை மேசைக்கு வருவதற்குள் பாதிக் கதை முடிந்துவிடுகிறது, மீதியிலும் பெரும்பங்கு ஐசியுவில் நடக்கிறது என்பது என் கட்சி. இன்றைக்கு மைக் என் கையில்.

1000 குழந்தைகள் பிறந்தால் 8 அல்லது 9 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கும். பல ஓட்டைகள் தாமே மூடிக்கொள்ளும். ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் முதல் வருடத்திலேயே கத்தி வைத்தாக வேண்டியவை. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தை. உடம்புக்குப் போக வேண்டிய குழாய் வலது அறையிலிருந்தும், நுரையீரலுக்குப் போக வேண்டியது இடது அறையிலிருந்தும் கிளம்பும். கெட்ட ரத்தம் உடம்பையே சுற்றும், நல்ல ரத்தம் நுரையீரலையே சுற்றும். இரண்டும் கொஞ்சமாவது கலப்பது கருவில் இருந்த இரண்டு வழிகளால்: மேலறைகளுக்கு நடுவேயுள்ள சிறு துளை, பெருங்குழாய்களை இணைக்கும் நாளம். அந்த நாளம் பிறந்த ஓரிரு நாளில் சுருங்கத் தொடங்கும்.

அதுவரை குழந்தை நன்றாகவே இருக்கும். மூன்று கிலோ எடை, நல்ல அழுகை. நீலம் பாய்ந்திருக்குமே என்பீர்கள். நம் நிறத்தில் நீலம் எங்கே தெரிகிறது? "எங்கூட்ல எல்லாருமே இந்த நெறந்தானுங்களே" என்று பாட்டி சொல்வார், நர்சும் தலையாட்டிவிடுவார். தோலைப் பார்த்துப் பயனில்லை, நாக்கைப் பார்க்க வேண்டும். அதைவிட, பிறந்த மறுநாள் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பது மேல். ரத்த ஆக்சிஜன் 95 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இரண்டு நிமிட வேலை. அது நடக்காத இடத்தில் குழந்தை வீட்டுக்குப் போய், பால் குடிக்காமல், மூச்சு வாங்கித் திரும்பி வரும்.

இப்போது ஆம்புலன்ஸ். பொள்ளாச்சியில் பிறந்த குழந்தை கிணத்துக்கடவு வழியாகக் கோவைக்கு வர ஒரு மணி நேரம் போதும்; தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. நாளத்தைத் திறந்து வைக்கப் புராஸ்டாகிளாண்டின் மருந்து சொட்டிக்கொண்டே வர வேண்டும். நின்றால் சில நிமிடங்களில் அதன் வேலையும் நின்றுவிடும். அதே மருந்து சில குழந்தைகளுக்கு மூச்சையும் நிறுத்தும். ஆகவே மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் கூடவே வர வேண்டும். குழந்தை குளிர்ந்துவிடக் கூடாது, சர்க்கரை இறங்கக் கூடாது. உடம்பு சில்லிட்டு, ரத்தத்தில் அமிலம் ஏறி, சிறுநீர் நின்று வந்து சேரும் குழந்தைக்கும், சூடாகச் சிவந்த நாக்கோடு வந்து சேரும் குழந்தைக்கும் அறுவை ஒன்றுதான், கையும் ஒன்றுதான். முடிவு ஒன்றாக இருக்குமா?

நாளும் கணக்கில் உண்டு. நுரையீரலின் எதிர்ப்பு சில வாரங்களில் குறைந்துவிடும். நுரையீரலுக்கு மட்டுமே ரத்தம் தள்ளும் இடது அறை, வண்டியில் பூட்டாமல் கட்டிப்போட்ட காளை மாதிரி தசை வற்றிவிடும். குழாய்களை இடம் மாற்றும் அறுவையை 1975-இல் பிரேசிலில் அறுவை நிபுணர் ஜட்டேனே செய்து காட்டினார். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்தால், மாற்றிய மறுநிமிடமே உடம்பு முழுவதற்கும் தள்ளும் வேலையை இடது அறை ஏற்கும். இரண்டு மாதம் கழித்து வந்தால் தடுமாறும். ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உள்ள இதயத் தமனிகளைப் பெயர்த்து வேறிடத்தில் தைக்கும் வித்தையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று வியந்தவன். ஆனால் இந்தக் குறையைச் சிகிச்சையின்றி விட்டால் ஒரு மாதத்துக்குள் பாதிக் குழந்தைகள் போய்விடும், ஓராண்டுக்குள் 90 சதவீதம். மேசைக்கே வராத அந்தக் குழந்தைகள் எந்த அறுவை நிபுணரின் கணக்கிலும் ஏறுவதில்லை.

நண்பர்கள் உடனே பிரிஸ்டலைக் காட்டுவார்கள். அந்த இங்கிலாந்து மருத்துவமனையில் 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எதிர்பார்த்ததைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தார்கள். கையின் குற்றம் அல்லவா என்பார்கள். இயன் கென்னடியின் விசாரணை அறிக்கை 2001-இல் வந்தது. இதய மருத்துவர்கள் ஒரு கட்டடத்திலும் அறுவை இன்னொரு கட்டடத்திலும் இருந்ததை, குழந்தைகளுக்கென்று பயின்ற நர்சுகள் போதாமல் இருந்ததை, யார் பொறுப்பு என்றே தெளிவில்லாமல் கிடந்ததை அது எழுதிவைத்திருக்கிறது. முதலில் எண்ணிப் பார்த்துக் குரல் கொடுத்த ஸ்டீபன் போல்சின் ஒரு மயக்க மருத்துவர் என்பதையும் நண்பர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, அறுவைக்குப் பின் வரும் கிருமித்தொற்று. 2008-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை தொடங்கிவைத்த பன்னாட்டுக் கூட்டுமுயற்சி மூன்றையே வற்புறுத்தியது: பாதுகாப்பான நடைமுறை, தொற்றுத் தடுப்பு, நர்சுகளுக்குப் பேசும் உரிமை. 17 நாடுகளின் 28 மையங்களில் இறப்பும் தொற்றும் குறைந்தன. அங்கெல்லாம் புதுக் கை முளைத்துவிடவில்லை.

 பணத்தடையை அரசுக் காப்பீட்டுத் திட்டம் பெரிதும் குறைத்திருக்கிறது; தகப்பனின் கூலி இழப்பை அது ஈடுகட்டாது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே 2017 முதல் ஹிருதயம் திட்டத்தில் இதயக் குறையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் பதிவு செய்து, இடம் ஒதுக்கி அனுப்புகிறார்கள். நாமும் செய்யலாம்.

நேரமாகிவிட்டதென்று சீட்டு வந்திருக்கிறது. செய்ய வேண்டியவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். கருவில் செய்யும் ஸ்கேனில் நான்கு அறைகளோடு நின்றுவிடாமல் குழாய்கள் கிளம்பும் இடத்தையும் பார்க்கப் பழக்குவது. குழாய்கள் இடம் மாறிய குறை நான்கு அறைப் படத்தில் தெரியாது. பிறந்தது முதல் மேசைக்கு வந்தது வரை எத்தனை மணி நேரம் என்பதை ஒவ்வொரு மையமும் குறித்துவைப்பது. நோயின் கடுமையைக் கணக்கில் கொண்டு இறப்பு விகிதத்தை வெளியிடுவது. பிழைத்த குழந்தைகள் பள்ளியில் எப்படிப் படிக்கிறார்கள் என்று யாராவது பார்ப்பது. முதுநிலை மாணவர் ஒருவர் பொள்ளாச்சிச் சாலையில் வரும் பச்சிளம் குழந்தைகளின் உடல் வெப்பத்தை மட்டும் ஓராண்டு அளந்தாலே ஒரு நல்ல ஆய்வேடு தேறும். வழிகாட்ட நான் தயார். மற்றவற்றை எழுதி அமைப்பாளர்களிடம் கொடுத்திருக்கிறேன். கேள்விகள் இருந்தால், முன்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.