எங்கிருந்து வந்தது?



செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கவரம் என்னுடைய ஊர். எளிய வாக்கியந்தான், ஆயினும் இதனை ஆங்கிலத்திற் சொல்லச் சொன்னால் நம் பிள்ளைகள் பலர் இடறுவர். செஞ்சிக்கு ‘வடக்கே’ என்பதற்கு ‘நார்த் ஆஃப்’ என்று ஒரு சொல். செஞ்சியிலிருந்து ‘இத்தனை தொலைவு’ என்பதற்கு ‘ஃப்ரம்’ என்று வேறொரு சொல். திசைக்கு ஒன்று, தூரத்திற்கு மற்றொன்று. ஏன் என்று மாணாக்கன் கேட்டால், வழக்கு அப்படி என்று சொல்லி உபாத்தியாயர் தப்பித்துக்கொள்வார். நானும் பல ஆண்டுகள் அப்படியே தப்பித்தவன்.

நம் இலக்கண நூலார் இவ்விஷயத்தை ஐந்தாம் வேற்றுமையில் வைத்தனர். நன்னூல் அதற்கு நான்கு பொருள்களைக் கூறும்: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. ஓரிடத்தை விட்டு அகலுதல் நீங்கல். ஊருக்கு எல்லை குறிப்பதும், ஒன்றற்குக் காரணம் காட்டுவதும் அதே வேற்றுமைக்குள் அடங்கும். வெள்ளைக்காரர் பேச்சிலும் இவை பெரும்பாலும் ஒரே குடும்பமாக இருப்பதைப் பாருங்கள். ஊரிலிருந்து வந்தாலும் ‘ஃப்ரம்’. ஊரிலிருந்து இத்தனை தூரம் என்றாலும் ‘ஃப்ரம்’. பசியால் வாடினான் என்பதற்கும் ‘ஃப்ரம்’ சொல்லலாம். ஒன்று மற்றொன்றினின்றும் வேறுபட்டது என்பதற்கும் அதுவே.

அப்படியானால் ‘ஆஃப்’ என்பது இடையில் எங்கே வந்தது? தமிழெழுத்தில் ‘ஆஃப்’ என்று நாம் ஒரேவிதமாக எழுதும் சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு உள. ஒன்று உடைமையைக் காட்டுவது. அதன் இறுதி மெய்யை அவர்கள் மெலிதாக வகரம்போல ஒலிப்பர். மற்றொன்று ஒன்றன்மேலிருந்து விலகுதலைக் காட்டுவது. அதன் இறுதி மெய் அழுந்தி ஒலிக்கும். பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல். அதற்கு ‘விட்டு நீங்கி’ என்பதே பொருள். காலப்போக்கில் அழுத்தமாக ஒலித்தது தனியாகவும், அழுத்தமின்றி ஒலித்தது தனியாகவும் பிரிந்துபோயின. ‘நார்த் ஆஃப் செஞ்சி’ என்பதில் இன்றும் அந்தப் பழைய நீங்கற்பொருளின் வாசனை இருக்கிறது. இதை நான் அறிந்தபோது என் தலைமுடி பாதி நரைத்திருந்தது.

தமிழின் வழி முற்றிலும் வேறு. ‘செஞ்சியிலிருந்து வந்தான்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். செஞ்சியில், இருந்து, வந்தான். ‘மலையினின்று இறங்கினான்’ என்பதில் உள்ளது, நின்று. இருத்தலும் நிற்றலுமே நமக்கு நீங்கலைக் காட்டுகின்றன. ஆங்கிலச் சொல்லாகிய ‘ஃப்ரம்’ தன் பழைய வடிவத்தில் முன்னோக்கிச் செல்லுதலைக் குறித்தது. அவர்கள் புறப்பாட்டைச் சொல்கிறார்கள். நாம், புறப்படும் முன் அவன் எங்கே இருந்தான் என்பதைச் சொல்கிறோம். மக்களிடமிருந்து ஒன்று வருமாயின் ‘இடம்’ என்ற சொல்லையும் இடையே வைக்கிறோம். அப்பாவிலிருந்து கடிதம் வந்தது என்று நாம் எழுதுவதில்லை, அப்பாவிடமிருந்து என்கிறோம். ஆங்கிலத்திற்கு அப்பாவும் ஒன்றுதான், அரக்கோணமும் ஒன்றுதான்.

பொருள்களின் பிறப்பைச் சொல்லும்போது ஆங்கிலம் சற்று நுட்பமாகிறது. இராஜகிரிக் கோட்டையின் மதில் கல்லால் ஆனது. இதற்கு ‘மேட் ஆஃப்’. கல் மதிலானபின்னும் கல்லாகவே கண்ணுக்குத் தெரிகிறது. பனைவெல்லம் பதநீரிலிருந்து வருவது. இதற்கு ‘மேட் ஃப்ரம்’. காய்ச்சியபின் பதநீரைத் தேடினாலும் காண முடியாது. பிள்ளைகளுக்கு நான் ஓர் உபாயம் சொல்லுவதுண்டு. தமிழில் ‘ஆல் ஆனது’ என்று வாய் தானாகச் சொன்னால் ‘ஆஃப்’. ‘இலிருந்து’ என்று சொன்னால் ‘ஃப்ரம்’. பத்தில் எட்டு இடங்களில் இது காப்பாற்றும். மற்ற இரண்டு இடங்களுக்கு நான் பொறுப்பல்லேன்.

எங்களூர் அரங்கநாதரை மட்டும் இவ்விரண்டிலும் அடக்க இயலாது. பல்லவர் காலத்துக் குடைவரையில், ஏறத்தாழ 24 அடி நீளத்தில் அவர் பள்ளிகொண்டிருக்கிறார். அவரைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘அவுட் ஆஃப்’ வேண்டும். பாறைக்குள்ளிருந்து வெளிப்பட்டவர் என்பது கருத்து. ஆனால் அவர் பாறையை விட்டு நீங்கவே இல்லை. சிற்பி நீக்கியது மிகுதிக் கல்லைத்தான். முதுகுப்புறம் இன்னும் மலையோடு மலையாக இருப்பவர் எப்படி ‘அவுட்’ ஆவார் என்று ஒரு குறும்புக்கார மாணவன் கேட்டான். அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மனிதர் பிறந்த ஊரைச் சொல்லும் வாக்கியத்திற்கு வருகிறேன். ‘ஐ கம் ஃப்ரம் செஞ்சி’ என்றால் செஞ்சி என் சொந்த ஊர் என்பது பொருள். ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் செஞ்சி’ என்றால் இப்போது அங்கிருந்து வந்துகொண்டிருக்கிறேன் என்பது மட்டுமே பொருள். நம்மவர் முன்னதற்குப் பின்னதைச் சொல்லி நேர்முகத் தேர்வுகளில் நகைப்புக்கு இடமாவதுண்டு. ஆகவே இப்பிழையைக் களைவதில் நான் மிகவும் கடுமையாக இருந்தேன். (சொந்த ஊர் என்பதும் அத்துணை உறுதியானதன்று. தென்னார்க்காடு மாவட்டத்திற் பிறந்த நான், 1993-இல் மாவட்டம் பிரிந்தபோது, இருந்த திண்ணையை விட்டு எழாமலே விழுப்புரம் மாவட்டத்தான் ஆகிவிட்டேன்.)

பல ஆண்டுகளுக்கு முன், கல் உடைக்கும் வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் பையன் என் வகுப்பிற் சேர்ந்தான். தன்னைப்பற்றி மூன்று வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் வந்தவாசி’ என்று எழுதியிருந்தான். வகுப்பறிய அதைப் படித்து, சிவப்பு மையால் அடித்து, ‘ஐ கம் ஃப்ரம் வந்தவாசி’ என்று மேலே எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் எழுந்து நின்றான்.

“வந்தவாசி எங்க ஊர் இல்லை சார். அங்கே இருந்துதான் வர்றோம்.”

“அப்படியானால் சொந்த ஊர் எது?”

“தெரியாது சார். அதுக்கு முன்னாடி வேற ஊர். அதுக்கு முன்னாடி வேற.”

விதி விதிதான் என்று சொல்லி, நான் எழுதியதை அவன் பத்து முறை எழுத வேண்டும் என்றேன். வழியிலேயே இருப்பவன், இன்னும் வந்துகொண்டிருப்பதாகத்தானே எழுத முடியும்? நான் திருத்தி எழுதியதோ இலக்கணப்படி சரியானது, உண்மைப்படி பொய். அன்றிரவே இது எனக்கு விளங்கிற்று. மறுநாள் வகுப்பில் சொல்லலாம் என்றிருந்தேன். தலைமையாசிரியர் முன்னிலையில் ஏதோ கூட்டம், ஒத்திவைத்தேன். அதற்கடுத்த வாரம் மலையடிவாரத்துக் கொட்டகைகள் இல்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டுகூட எவரும் வரவில்லை. எந்த ஊருக்குப் போனார்கள் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை.

திருத்துவதற்காக வாங்கிய அவன் நோட்டுப்புத்தகம் என் மேசைமேல் இருந்தது. பத்து முறையும் எழுதியிருந்தான். எழுத்து மணிமணியாக இருந்தது.