பட்டியலில் இல்லாத புத்தகங்கள்

(எங்கள் பகுதிப் படிப்பகத்தில் வாசிப்பு வட்டம் தொடங்கிய நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘நல்ல புதிய புத்தகங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?’ என்று பேசச் சொல்லித் தம்பிகள் என்னை அழைத்தார்கள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. செல்போனைத் தட்டினால் நூறு பட்டியல் வருகிறது. சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கினால் ஆளுக்கொரு பரிந்துரை. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தப் பட்டியல்களைப் பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது. நாவல், கவிதை, வரலாறு, அறிவியல் என்று வரிசையாகப் போகிறது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ‘தலித் இலக்கியம்’ என்று தனியாக ஒரு தலைப்பு. அதன் கீழே மூன்று பெயர். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். அரசாங்கம் நம்மைப் பட்டியலில் வைத்திருக்கிறது. புத்தகப் பட்டியல் போடுகிறவர்களோ நம்மைப் பட்டியலுக்குள்ளும் ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். பலரும் இதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. தமக்குத் தெரிந்ததை எழுதுகிறார்கள். தமக்குத் தெரிந்தவர்கள் யார், தெரியாதவர்கள் யார் என்பதில்தான் சாதி இருக்கிறது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்படியொரு புத்தகம் இருப்பதே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். பக்கத்து ஊர் நூலகத்தில் போய்க் கேட்டேன். “அந்த மாதிரிப் புத்தகமெல்லாம் இங்க வராதுப்பா” என்றார் நூலகர். எந்த மாதிரி என்று திருப்பிக் கேட்கிற தைரியம் அன்று எனக்கு இல்லை.

பிறகு அது என் கைக்கு வந்தது, மின்வாரியத்தில் வேலை பார்த்த எங்கள் தெரு அண்ணன் ஒருவர் மூலமாக. அட்டை கிழிந்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்கள். பேனாவில் சில, பென்சிலில் சில, பக்கத்தில் ஊர்ப் பெயர்கள். படித்து முடித்தவர்கள் எழுதிவைத்தது. எட்டாவதாக என் பெயரை எழுதி இன்னொருவரிடம் கொடுத்தேன். எந்தப் பத்திரிகை மதிப்புரையும் செய்யாத வேலையை அந்த ஏழு பேர் செய்திருந்தார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. லாகூரில் பேசுவதற்காக அம்பேத்கர் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையை, அழைத்தவர்களே பேசவிடாமல் கூட்டத்தை ரத்து செய்தார்கள். 1936இல் அவர் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டது. அதை மறுத்து எழுதிய காந்தி, எட்டணா விலை அதிகம் என்றும் குறைபட்டுக்கொண்டார். பெரியாரின் ‘குடிஅரசு’ அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மேடை மறுக்கப்பட்ட பேச்சு கைமாறிக் கைமாறியே நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

‘புதிய’ புத்தகம் என்கிறோமே, எது புதியது? பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாக வெளிவந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்த எழுத்தை அழியவிடாமல் காத்ததில் கோலார் தங்கவயல் தொழிலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பூமிக்கடியில் வேலை பார்த்தவர்கள் அங்கே சித்தார்த்தா புத்தகசாலை வழியாக அவற்றைச் சிறு நூல்களாக அச்சிட்டார்கள். 1999இல் என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் ஆகப் புதிய புத்தகம். போன மாதம் அச்சானதெல்லாம் புதியது ஆகிவிடாது. நம் கண்ணில் படாமல் வைக்கப்பட்டது எதுவோ அதுவும் புதியதுதான்.

இதுவரை மற்றவர்களைக் குறை சொன்னேன். இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் என்னிடம் அடிக்கடி புத்தகம் வாங்கிப் போவாள். மூன்று, நான்கு தன்வரலாறுகளைக் கொடுத்திருந்தேன். ஒருநாள் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: “பெரியப்பா, அழுகை இல்லாத புத்தகம் ஏதாவது இருக்கா? எங்க வீட்டுக் கதை எனக்குத் தெரியும். நட்சத்திரத்தப் பத்தி ஏதாவது இருந்தாக் குடுங்க.”

என் அலமாரியில் ஒன்றுகூட இல்லை.

அன்று எனக்கு உறைத்தது. நானும் ஒரு பட்டியல்தான் போட்டு வைத்திருந்தேன். நம் பிள்ளைகள் நம் வலியை மட்டும்தான் படிக்க வேண்டும் என்று நானே ஒரு கோடு போட்டிருந்தேன். பாபாசாகேப் தன் ராஜகிருக வீட்டில் சேர்த்தவை சாதியைப் பற்றிய நூல்கள் மட்டுமா? சட்டம், பொருளாதாரம், வரலாறு, சமயம் என்று எல்லாம் இருந்தன. சாதி ஒழிப்பை எழுதிய அதே கை, 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றியும் ஒரு நூல் எழுதியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை மாவட்ட மைய நூலகத்துக்கு அழைத்துப் போனேன். எதையும் பரிந்துரைக்கவில்லை. இரண்டு மணி நேரம் அலமாரி அலமாரியாகச் சுற்றினாள். மூன்றை எடுத்து, பிரித்துப் பார்த்து, இரண்டைத் திரும்ப வைத்துவிட்டு ஒன்றோடு வந்தாள். நல்ல புத்தகத்தைக் கண்டுபிடிக்க அந்த இரண்டு மணி நேரத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வட்டத்துத் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு புத்தகம் பிடித்திருந்தால் அதன் முன்னுரையையும் கடைசியில் உள்ள நூல் வரிசையையும் படியுங்கள். அடுத்த புத்தகம் அங்கேயே இருக்கும். மொழிபெயர்ப்பு பிடித்திருந்தால் மொழிபெயர்த்தவர் வேறு என்ன செய்திருக்கிறார் என்று தேடுங்கள். புத்தகக் காட்சியில் பெரிய அரங்குகளின் வெளிச்சத்தைத் தாண்டி, ஓரத்தில் ஒற்றை மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற சிறு பதிப்பாளரிடம் பேச்சுக் கொடுங்கள். 1948 சட்டத்தின்படி நடக்கிற பொது நூலகம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். வேண்டிய புத்தகம் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். நான் அன்று கேட்காமல் வந்ததுபோல வராதீர்கள்.

இன்னொன்று. முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, மூடி வையுங்கள். எழுதியவர் நம் தோழராகவே இருந்தாலும் சரி. நம்மவர் எழுதினார் என்பதற்காக மோசமான புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால், நாளைக்கு நாம் நல்ல புத்தகம் என்று சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்கிற இடமாக இந்த வட்டம் இருக்கட்டும்.

இந்தப் படிப்பகத்துக்கு நான் நாற்பது புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். நட்சத்திரங்களைப் பற்றியும் இரண்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன். படித்து முடித்தவர் பெயரை எழுதுங்கள். பாதியில் விட்டவர் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று எழுதுங்கள். பிறகு யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள். பூட்டி மட்டும் வைக்காதீர்கள்.