எண்ணைப் பார்த்து மிரளாதீங்க, எடையைப் பாருங்க!

(பட்டிமன்றத் தலைப்பு: உறைய வைத்த ஆயத்த உணவு இல்லத்துக்கு உதவியா, உடம்புக்கு உபத்திரவமா? 'உதவியே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எங்களோடு வாதாடித் தோற்பதற்கென்றே வந்து அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால பேசின அண்ணன் ஒரு ப்ரோசன் பரோட்டா பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். பின்பக்கத்தைப் படிச்சார். "412, 330, 500... இது சாப்பாடா, பஸ் நம்பரா?"ன்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க, நானும் தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, நகைச்சுவை வேறே, நியாயம் வேறே.

அந்த பஸ்ஸுல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு ஏறிப் பார்ப்போமா? 412 யாரு? கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பசை. நாம பொரியல் பண்றோமே, அதே கொத்தவரை! 330 யாரு? சிட்ரிக் அமிலம். எலுமிச்சைக்குப் புளிப்பைத் தர்றதே அதுதான். 500? ஆப்ப மாவுல பாட்டி ஒரு சிட்டிகை போடுவாங்களே, அந்தச் சோடா. 100-ன்னு ஒரு எண் இருக்கு, அது மஞ்சள் கிழங்கோட நிறம். அண்ணே, நம்ம அஞ்சறைப் பெட்டிக்கு நம்பர் ஒட்டினா நீங்க சாம்பாரைக்கூடத் தொடமாட்டீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

உடனே, "இயற்கையா வந்தா எல்லாம் நல்லதா?"ன்னு கேட்காதீங்க. அரளி விதையும் இயற்கைதான். நான் சொல்றது, எண்ங்கிறது ஒரு முகவரி. பொருள் நல்லதா கெட்டதான்னு முகவரி சொல்லாது, விசாரணைதான் சொல்லும்.

அடுத்து அண்ணன் கேட்டார்: "ஆறு மாசம் கெடாம இருக்குன்னா எவ்வளவு மருந்து போட்டிருப்பான்?" அங்கே கெடாம காப்பாத்துறது முக்கியமா குளிர்தான் ஐயா! மைனஸ் 18 டிகிரியில கிருமி பெருகாது. அப்புறம் எதுக்குச் சேர்மானம்? தண்ணி உறைஞ்சு ஊசி ஊசியா பனியாகும். திரும்ப உருகும்போது குழம்பு தனி, தண்ணி தனின்னு பிரிஞ்சு நிக்கும். அதைச் சேர்த்துப் பிடிக்கத்தான் பசையும் மாவுப் பொருளும். சில நேரம் நிறத்துக்கும் ருசிக்கும் சேர்க்கிறாங்க. அதை விசாரிக்கணும்தான்.

எப்படி விசாரிக்கிறாங்க? 1902-ல அமெரிக்க வேளாண்மைத் துறையில ஹார்வி வைலின்னு ஒரு வேதியியல் அறிஞர். உணவு கெடாம இருக்க அந்த நாள்ல சேர்த்த வெண்காரத்தை, 12 இளைஞர்களுக்குச் சாப்பாட்டோட கொடுத்து, உடம்பு என்ன ஆகுதுன்னு பார்த்தார். பத்திரிகைக்காரங்க அதுக்கு 'விஷப் படை'ன்னு பேர் வச்சாங்க. மனுஷனையே எலியாக்கின காலம் அது! 1956-லிருந்து உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து ஒரு நிபுணர் குழுவை நடத்துது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா ஆராய்ஞ்சு, தேவைப்பட்டா ஒரு வரம்பு சொல்றாங்க.

வரம்பு எப்படி வருது? அண்ணன் பயந்த அஜினோமோட்டோவையே எடுத்துக்குவோம். எண் 621. விலங்குகளுக்குத் தினமும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 3,200 மில்லிகிராம் கொடுத்தும் கெடுதல் தெரியல. சரி, அதையே மனுஷனுக்குக் கொடுத்துடலாமா? கூடாது! விலங்கு வேறே, மனுஷன் வேறே. அதுக்கு ஒரு பத்து. மனுஷனுக்கு மனுஷன் வித்தியாசம், பயில்வானும் இருப்பார், நோஞ்சானும் இருப்பார். அதுக்கு ஒரு பத்து. பத்தும் பத்தும் பெருக்கினா நூறு. 3,200-ஐ நூறால வகுத்தா 32. அதையும் கொஞ்சம் இறக்கி, ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராம்னு 2017-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு போட்டுச்சு. அதாவது, ஆயுள் முழுக்கத் தினமும் அவ்வளவு சாப்பிடலாம்.

இதே பொருளுக்கு எண் வரம்பே தேவையில்லைன்னு 1987-லேயே அந்த உலக நிபுணர் குழு சொல்லியிருந்தது. நடுவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு! (சிரிப்பு) ஐயா கோவிச்சுக்காதீங்க. ரெண்டு தீர்ப்புல கண்டிப்பான தீர்ப்பையே நான் எடுத்துக்கறேன். ஏன்னா வீட்டுல குழந்தை இருக்கு.

இங்கேதான் தாய்மார்களே, கவனமா கேளுங்க. 60 கிலோ அப்பாவுக்கு அந்தக் கணக்கு நாளைக்கு 1,800 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு? வெறும் 450. ஆனா பாக்கெட் ஒண்ணுதான்! அப்பாவும் ஒரு பாக்கெட், பிள்ளையும் ஒரு பாக்கெட். "குழந்தை ஆசையா சாப்பிடுது"ன்னு அப்பாவோட பங்குல பாதியும் அதுக்கே! வரம்பைத் தாண்டிச் சாப்பிடுறவங்க இருக்காங்கன்னு அந்த ஆணையமே சொல்லுச்சு. காலையில நூடுல்ஸ், சாயங்காலம் சிப்ஸ், ராத்திரி ப்ரோசன் கட்லெட். மூணு பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்க. ஒரே 621 மூணு சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்! (கைதட்டல்) லேபிள்ல எண் இருக்கும். எத்தனை மில்லிகிராம்னு பெரும்பாலும் இருக்காது. அந்த அளவையும் அச்சடின்னு நாம கேட்கணும்.

எதிரணித் தங்கை ஒரு கூர்மையான கேள்வி கேட்டாங்க: "இன்னைக்கு நல்லதுன்னு சொல்லிட்டு நாளைக்குத் தடை பண்றாங்களே?" உண்மை. பொட்டாசியம் புரோமேட்னு ஒண்ணு, ரொட்டி மாவு உப்பி வரச் சேர்த்தது. இது ஏற்றதல்லன்னு அதே நிபுணர் குழு 1992-ல சொல்லிடுச்சு. இந்தியாவுல தடை வந்தது 2016-ல. 24 வருஷம்! அன்னைக்குப் பிறந்த குழந்தைக்குக் கல்யாண வயசே வந்துடுச்சு. இதை நான் மறைக்க மாட்டேன். ஆனா தங்கச்சி, பழைய தீர்ப்பைத் திருத்த முடியுதுன்னா விசாரணை உயிரோட இருக்குன்னு அர்த்தம். தூங்கினது அறிவியல் இல்லை, நிர்வாகம். அதைத் தட்டி எழுப்புவோம். அதுக்காகச் சமையலறையில இருக்கிற பொம்பளையை ஏன் கூண்டுல ஏத்தறீங்க?

இன்னொண்ணு. 450, 451, 452 பாஸ்பேட் வகை. உறைய வைத்த இறால், கோழியில ஈரம் போகாம இருக்கச் சேர்ப்பாங்க. இதுக்கும் 2019-ல ஐரோப்பாவுல வரம்பு போட்டாங்க. கூடவே, சிறுநீரகம் கணிசமா பழுதானவங்களுக்கு இந்த வரம்பு பொருந்தாதுன்னும் சொன்னாங்க. உங்க வீட்டுல சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர் இருந்தா, அந்த மூணு எண்ணையும் காலண்டர் ஓரத்துல எழுதி வைங்க, டாக்டர்கிட்டயும் கேளுங்க. 'பாதுகாப்பானது'ன்னு ஒருத்தர் சொன்னா, 'யாருக்கு, எவ்வளவு?'ன்னு கேட்கப் பழகணும்.

அப்புறம், நம்பரே இல்லாம உள்ளே வர்ற ஆசாமி ஒருத்தர் இருக்கார். உப்பு! எல்லாரும் நம்பரைத் தேடறோம், அவர் முன்வாசல் வழியாவே வந்துடறார். நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாக்கெட்ல சோடியம் 800 மில்லிகிராம்னு போட்டிருந்தா, இரண்டரையால பெருக்குங்க. 2 கிராம் உப்பு. ஒரு வேளையிலேயே ஒரு நாள் பங்குல பாதியை நெருங்கியாச்சு.

(நடுவர் மணி அடிக்கிறார்) முடிச்சுடறேன் ஐயா.

இரவுப் பணி முடிச்சுக் காலையில எட்டு மணிக்கு வீடு திரும்புற நர்ஸை நினைச்சுப் பாருங்க. பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு பள்ளிக்கூடம். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவுல நிக்கிற அவளுக்கு அந்தப் பாக்கெட் ஒரு கைத்தாங்கல். அவகிட்டப் போய் "பிள்ளைக்கு விஷம் கொடுக்கிறே"ன்னு சொன்னா, அவ பாக்கெட்டைத் தூக்கிப் போடமாட்டா; மனசொடிஞ்சு போவா. அதுக்குப் பதிலா, "வாரத்துக்கு எத்தனை நாள்? பிள்ளை எடை என்ன? உப்பு எவ்வளவு?"ன்னு அவளோட உட்கார்ந்து கணக்குப் பாருங்க. முடிஞ்சா ஒரு நாள் நீங்க இட்லி ஊத்துங்க! (பலத்த கைதட்டல்)

வள்ளுவர் 'மருந்து'ன்னு ஓர் அதிகாரமே வச்சார். அதுல அவர் அழுத்திச் சொன்னது அளவை. நிபுணர்கள் நூறால வகுத்துக் கொடுத்துட்டாங்க. மீதி வகுத்தலை நம்ம வீட்டுல நாம போடணும். அப்படிக் கணக்குப் போடத் தெரிஞ்ச வீட்டுக்கு ஆயத்த உணவு உதவியே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.