பருத்திக்காடும் எலி மூளையும்



கயத்தாறு பக்கம் பருத்திக்கு மருந்தடிச்சவங்க மயங்கி விழுந்ததை நாம கண்ணால பார்த்திருக்கோம். மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்து உள்ளே போனால், நரம்பில் அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்கும். தன் ஏற்பிகளை ஓயாமல் தட்டும். ஏற்பி பூட்டு, ரசாயனம் சாவி. ஆஸ்பத்திரியில் போடும் அட்ரோபின் ஊசி அதில் ஒருவகைப் பூட்டை அடைத்து உயிர் காக்கிறது.

எந்தப் பூட்டு எங்கே இருக்கிறது? எலி மூளையை மெல்லிசாகச் சீவி, கதிரியக்கச் சாவியில் ஊறவைத்து, பிலிமில் பதித்தால் ஒட்டிய இடம் கறுப்பாய்த் தெரியும். வரைபடம் ரெடி!

சென்னை ஐ.ஐ.டி. மூளை மையம் 2024-இல் மனிதக் கருவின் மூளைச் சீவல்கள் 5,132-இன் படங்களை வெளியிட்டது. சீவுவது, படமெடுப்பது, அடுக்குவது எல்லாம் நம்ம எஞ்சினீயர் வேலைதான். "உயிரியல் நமக்கெதுக்கு?"ன்னு ஒதுங்காதீங்க. வீட்டில் மருந்தடிக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லுங்க.